யாருடைய கணக்கு?

பேனா விற்ற கடைக்காரன் பதினைந்து வருஷம் கழித்து நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "அந்தப் பேனாவை இப்போது தயாரிப்பதில்லை, ஆகையால் அதைக் கொண்டு எழுதிய நோட்டுகளை இனிமேல் நீங்கள் படிக்க முடியாது" என்று சொன்னால் அவனை என்ன செய்வோம்? மரியாதை தெரிந்தவர்கள் வாசலைக் காட்டுவார்கள். மற்றவர்கள் வேறு எதையாவது காட்டுவார்கள். அதே வார்த்தையைக் கம்ப்யூட்டர் திரை இங்கிலீஷில் சொன்னால் மட்டும், படித்தவர், பாமரர் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி விடுகிறோம். இந்த அடக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சொல்ல வருவது, வீட்டு வரவு செலவு எழுதுவதற்கென்று விற்கிறார்களே, அந்தச் சாஃப்ட்வேர்களைப் பற்றி. சம்பளம், பால் கணக்கு, சீட்டுப் பணம், எல்.ஐ.சி. பிரீமியம் எல்லாம் ஒரே பைலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பைலைத் திறக்க அந்தப் புரோகிராம் ஒன்றினால்தான் முடியும். புரோகிராம் படுத்தால் கணக்கும் படுத்துவிடும்.

மீஞ்சூரில் எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். அனல் மின் நிலையத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். 2005-ல் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பணம் கொடுத்து, பில்லோடு, இப்படி ஒரு புரோகிராம் வாங்கி வந்தார். அன்று முதல் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு எழுதாமல் அவர் படுத்ததில்லை. 2007-ல் மாடி கட்டினார். செங்கல் லோடு, மணல், கம்பி, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, சென்ட்ரிங் பலகை வாடகை, கொத்தனாருக்கு வாங்கிக் கொடுத்த டீ வரை பதிவாயிற்று. இப்போது மனைவி போய்விட்டார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார்.

வீடு விற்றால் லாபத்துக்கு வரி. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடு என்றால், விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் கட்டலாம், சேர்க்காமல் 12.5 சதவீதம் கட்டலாம். எந்த வழியில் போனாலும் மாடி கட்டிய செலவைக் கழித்துக்கொள்ள இடம் உண்டு. கழிக்க வேண்டுமானால் செலவு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? பில்களில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. "தேதிவாரியாகக் கணக்கைக் கொண்டு வாருங்கள், பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் ஆடிட்டர். நியாயமான மனிதர். நண்பரும் குஷியாக வீட்டுக்கு வந்து பைலைத் திறந்தார். திறக்கவில்லை.

பழைய கம்ப்யூட்டர் எப்போதோ போய்விட்டது. புதியதில் பழைய புரோகிராமை ஏற்றினால், கம்பெனியிடம் இன்டர்நெட் வழியாக அனுமதி வாங்கி வா என்கிறது. அனுமதி கொடுக்கிற இடத்தைக் கம்பெனி மூடிவிட்டது. சரி, புதிய பதிப்பையே வாங்குவோமென்று வாங்கினால், இவ்வளவு பழைய பைலை அது திறக்காதாம். நடுவில் வந்த ஒரு பதிப்பில் திறந்து, மாற்றி, பிறகு அதனிடம் கொண்டு வர வேண்டுமாம். அந்த நடுப் பதிப்பு விற்பனையில் இல்லை.

தெருவில் கம்ப்யூட்டர் படித்த பையன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தான். கெட்டிக்காரப் பையன். முதல் காரியமாகப் பைலைப் பிரதி எடுத்து மூலத்தை ஒதுக்கி வைத்தான். இதைச் செய்யாமல் நோண்டித்தான் பலபேர் உள்ளதையும் தொலைக்கிறார்கள். சி.டி.யிலிருந்து எடுத்த பைல் 'படிக்க மட்டும்' என்ற முத்திரையோடு வந்திருக்கிறதா என்று பார்த்தான். எப்போதோ கரண்ட் போனபோது விழுந்த பூட்டுக் கோப்பு பக்கத்தில் கிடக்கிறதா என்று தேடினான். புரோகிராம் தானாக எடுத்து வைத்த பழைய பிரதிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். விண்டோஸைப் பழைய விண்டோஸ் போல நடிக்கச் சொன்னான். கடைசியில் நோட்பேடில் போட்டுப் பிளந்தான். குப்பைக்கு நடுவே சில வார்த்தைகள் தெரிந்தன. 'மணல்' என்று எழுதிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்து மூன்றும் ஓர் அரைப்புள்ளியும். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு, ஆகவே அப்படி. "மணல் இருக்கு ஸார், எவ்வளவுக்குங்கிறதுதான் இல்லை" என்றான் பையன். தொகைகள் எல்லாம் அந்தக் கம்பெனிக்கு மட்டும் புரிகிற சங்கேதத்தில் கிடந்தன.

இதைச் சொன்னால் மூன்று விதமான உபதேசம் கிடைக்கிறது. முதல் உபதேசம்: "பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும்." ஐயா, எடுத்திருந்தார்! சி.டி.யில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மகள் வீட்டில் ஒன்று. பூட்டிய பெட்டிக்கு நூறு பிரதி எடுத்தால் நூறு பூட்டிய பெட்டிதான் மிஞ்சும். புரோகிராமில் எக்ஸ்போர்ட் வசதி இருந்ததே என்பார்கள். அதுவும் செய்து வைத்திருக்கிறார். அதில் தேதியும் தொகையும் மட்டும் வந்தன. எதற்காகக் கொடுத்த பணம் என்ற குறிப்பு வரவில்லை. 2007 மார்ச்சில் ஒரு நாள் நாலாயிரம் ரூபாய் என்று இருந்தால் அது கொத்தனார் கூலியா, பட்டுப்புடவையா என்று வரி அதிகாரி கேட்பாரா, மாட்டாரா?

இரண்டாவது: "இது பாதுகாப்புக்காக." பாதுகாப்பு என்றால் பூட்டு நம் வீட்டுக் கதவில், சாவி நம் இடுப்பில். நாம் வைக்கும் ரகசியச் சொல்லை யார் ஆட்சேபித்தார்கள்? நான் ஆட்சேபிப்பது, நமக்குச் சாவியே தராத பூட்டை.

மூன்றாவதுதான் பிரமாதம்: "காலம் மாறுகிறது, விஞ்ஞானம் வளர்கிறது, நாமும் மாற வேண்டும்." உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி தேர்தலுக்கு நிற்கக் கூடாது என்ற விதி அவற்றில் உண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக் கல். படிக்கத் தெரிந்தவர் இன்றும் படிக்கிறார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். வியாபாரி ஆயிற்றே, அரசியலோடு சரக்கும் விலையும் அதில் வருகின்றன. தமிழ் தெரிந்தால் போதும். காகிதம் விற்ற பிரெஞ்சுக்காரனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மீஞ்சூரில் 2007-ல் எழுதிய கணக்கு மட்டும் அதற்குள் கல்லாய்ச் சமைந்துவிட்டது என்றால், வளர்ந்தது விஞ்ஞானமா, வியாபாரமா?

செய்ய முடியாத காரியம் என்றும் யாரும் சொல்ல வேண்டாம். மைக்ரோசாப்ட் கம்பெனி 'மணி' என்று ஒரு வீட்டுக் கணக்குப் புரோகிராமை 1991 முதல் விற்று வந்தது. 2009-ல் விற்பனையை நிறுத்தியது. நிறுத்திய பிறகு, 2010-ல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடக்கூடிய ஒரு கடைசிப் பதிப்பை இலவசமாக வெளியிட்டது. அந்தக் கம்பெனியின் மற்ற காரியங்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனாலும் கடையை மூடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது. அதே கம்பெனியும் வேறு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து, கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ள ஓ.எஃப்.எக்ஸ். என்று ஒரு பொது வடிவத்தை 1997-லேயே வகுத்துவிட்டன. 'நூகேஷ்' என்று ஓர் இலவசப் புரோகிராம் இருக்கிறது. கணக்கைச் சாதாரண எழுத்தாகவே சுருக்கி வைக்கிறது. சுருக்கத்தைப் பிரித்தால் எந்த நோட்பேடிலும் படிக்கலாம். வழி இல்லாமல் இல்லை. வாடிக்கைக்காரன் ஓடிவிடுவானோ என்ற பயம்தான் வழியை அடைக்கிறது.

சர்க்காராவது ஏதாவது செய்ததா? எழுத்து விஷயத்தில் செய்தது. ஒவ்வோர் எழுத்துருக் கம்பெனியும் தமிழை ஒவ்வொரு விதமாகப் பதித்து, ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியாமல் இருந்த காலத்தில், தமிழக அரசு 1999-ல் ஒரு முறையை ஏற்றது. 2010-ல் யூனிக்கோடை ஏற்றது. எழுத்துக்கு ஒரு பொது வழி வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குக் கணக்குக்கு வேண்டும் என்று தெரியாதா? 2019-ல் பார்லிமெண்டுக்கு வந்த தகவல் பாதுகாப்பு மசோதாவில், ஒருவன் தன் தகவலை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகும் உரிமை இருந்தது. 2023-ல் சட்டமாக வந்தபோது அந்த உரிமையைக் காணோம். ஐரோப்பாவில் 2018 முதல் அது அமலில் இருக்கிறது. அது கம்பெனிகளிடம் உள்ள தகவலைப் பற்றியது. வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பைலுக்கு அதுகூடப் போதாது என்று வக்கீல்கள் சொல்லலாம். சொல்லட்டும். போதாத உரிமையையும் பிடுங்கியது எதற்கு என்பது என் கேள்வி.

எங்கள் பக்கத்தில் சென்னைக்கென்று உறிஞ்சி உறிஞ்சி நிலத்தடியில் கடல் ஏறிவிட்டது. வீட்டுக் கொல்லையில் கிணறு. வாயில் வைக்க முடியாத தண்ணீர். அதோடு வாழப் பழகிவிட்டார்கள் ஜனங்கள். இதற்கும் பழகிவிடுவார்களோ என்றுதான் எனக்குக் கவலை.

நண்பருடைய பழைய சகாக்கள் நாலைந்து பேர், அவர் சொல்லித்தான் அதே புரோகிராமை வாங்கியவர்கள், அத்திப்பட்டிலும் நந்தியம்பாக்கத்திலும் இன்னும் அதில் எழுதி வருகிறார்கள். அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர்கள் எப்படியோ இன்னும் ஓடுகின்றன. பையன் இப்போது சனி, ஞாயிறுகளில் ஒவ்வொரு வீடாகப் போய், குறிப்புகளோடு பேரேடு முழுவதையும் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்து வருகிறான். ஒரு வீட்டுக்கு மட்டும் அறுநூறு பக்கம் ஆயிற்றாம்.