ஓயாத சோர்வும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

ஓமந்தை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடி. போர்க்காலத்தில் வன்னியின் நோயாளர் வவுனியா வைத்தியசாலையை அடைய இவ்வாயிலைக் கடந்தே வரவேண்டியிருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் அவர்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2011இல் ஓமந்தை வரை வந்த புகைவண்டி 2014இல் யாழ்ப்பாணத்தை எட்டிற்று. 2015இல் சாவடியும் அகன்றது. வழி திறந்தது. ஆயினும், இன்ன நோய் என்றறிந்து மருந்து பெறும் வழி எல்லார்க்கும் திறந்துவிட்டதா?

கமக்காரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி மாதக்கணக்கிற் சோர்ந்திருக்கிறாள் என்று கொள்வோம். உண்பது குறைவு, உடலோ பருக்கிறது. தோல் வறள்கிறது, மயிர் உதிர்கிறது, மாதவிடாய் தவறுகிறது, மற்றவர்க்கு வியர்க்கும் வேளையில் அவளுக்குக் குளிர்கிறது. வீட்டார் வயல்வேலைக் களைப்பு என்பர். அயலார், போரில் இழந்தவர்களை எண்ணி உருகுகிறாள் என்பர். வன்னியில் இழப்பில்லாத வீடு ஏது? அதனாலேயே இந்நோய் இங்கு மறைந்து கிடக்க இடம் அதிகம். கழுத்தின் முன்புறத்துள்ள தைரொயிட்டுச் சுரப்பி தன் ஓமோனைக் குறைவாகச் சுரந்தாலும் இக்குறிகள் அத்தனையும் தோன்றும். கழுத்து வீங்கித்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை.

உப்பில் அயடீன் சேர்க்கிறார்களே என்பர் சிலர். 1995 முதல் அது சட்டம். கண்டக்கழலையைக் குறைக்க உதவியதும் உண்மை. ஆனால் உடலின் தற்காப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கும் நோயை, 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ விவரித்த நோயை, உப்புத் தடுக்காது. பெண்களையே அது பெரிதும் பற்றும். கருவுற்றவளிடம் கவனியாது விட்டால் சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் கேடு.

இதனைக் கண்டறியக் கொழும்புக்கு ஓடவேண்டுமா? வேண்டியதில்லை. ரி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையே தொடக்கம். மருந்து தைரொக்சின் குளிசை, நாள்தோறும் காலையில் வெறுவயிற்றிற் கொள்வது, விலையும் மலிவு. பெரும்பாலார்க்கு வாழ்நாள் முழுதும் வேண்டியதாதலின், இடையறாது கிடைத்தல் வேண்டும். 2022இன் டொலர்ப் பஞ்சத்தில் அரச வைத்தியசாலைகளில் மருந்தும் பரிசோதனைப் பொருள்களும் அருகினவே! நாட்கூலிக்காரர் தனியார் கூடத்துக்குக் காசு எங்ஙனம் தேடுவர்?

கிராமத்துச் சிறு வைத்தியசாலையிலேயே இரத்தம் எடுத்து வவுனியாவுக்கு அனுப்பி, முடிவை அங்கேயே தருவிக்க ஏற்பாடு வேண்டும். மூளையடிச் சுரப்பி, சிறுநீரக மேற்சுரப்பி ஆகியவற்றின் அரிய நோய்கள் நிபுணருக்குரியன. அவர்களைத் தேடி நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட யாழ்ப்பாணம் செல்வோர்க்கு, பரிசோதனை, ஆலோசனை இரண்டும் ஒரே நாளில் முடியுமாறு முறை குறித்துக் கொடுத்தல் பெரிய காரியமன்று.

பொருளாதார மையம் ஓமந்தையிலா, தாண்டிக்குளத்திலா என்று 2016இல் நம் தலைவர்கள் மல்லுக்கட்டினர். அந்தச் சூட்டிற் பாதியை இதிற் காட்டியிருக்கலாம்! மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. ஆகவே கேள்வியை மாகாணச் சுகாதாரத் துறையிடமே நேராக வைக்கிறோம்: வன்னியின் எந்தெந்த வைத்தியசாலையில் இப்பரிசோதனை இலவசமாகக் கிடைக்கிறது? குளிசை எத்தனை மாதத்துக்குக் கையிருப்பில் உள்ளது? பட்டியலை வெளியிடுக.