ஆறரைக் கோடி ரூபாய் ஸெல்டா கேசட்... உள்ளே இருக்கும் பேட்டரியை யார் மாத்துவாங்க?

2021 ஜூலை 9. அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் ஒரு வீடியோ கேம் கேசட் 8.7 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் ஆறரைக் கோடி ரூபாய். 1987-இல் அமெரிக்காவில் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா', பிளாஸ்டிக் உறைகூட கிழிக்காத பிரதி. இரண்டே நாளில் 'சூப்பர் மரியோ 64' 15.6 லட்சம் டாலருக்கு விற்று அந்தச் சாதனையைக் காலி செய்தது. அடுத்த மாதம் முதல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' பிரதி ஒன்று 20 லட்சம் டாலரைத் தொட்டது.

"ஒரு பழைய கேமுக்கு இவ்ளோ காசா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஸெல்டா கேசட்டுக்குள் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. ஆட்டத்தை எங்கே விட்டோம் என்பதை ஞாபகம் வைத்திருப்பது அதன் தயவில்தான். எண்பதுகளில் வைத்த பேட்டரி. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா, கசிந்து போர்டை அரிக்கிறதா? பார்க்கணும்னா உறையைக் கிழிக்கணும். கிழித்தால் கோடிகள் போச்சு. ஆக, யாரும் பார்க்கப் போவதில்லை.

பழைய கேம்களையும் கம்ப்யூட்டர்களையும் சேகரிக்கும் உலகம் இன்று சிக்கியிருப்பது இந்த இடத்தில்தான். பணம் பெட்டிக்குப் போகிறது. உள்ளே இருப்பது கெட்டுக்கொண்டிருக்கிறது.

எது அரிது, எது வெறும் பழசு?

முதலில் ஒரு தப்பான கணக்கைச் சரி செய்துவிடலாம். பழசு என்பதற்காக மட்டும் எதற்கும் விலை ஏறாது. 'சூப்பர் மரியோ 64' உலகம் முழுக்க ஒரு கோடியே 10 லட்சத்துக்கும் மேல் விற்ற கேம். கேசட் மட்டும் வேண்டுமென்றால் இன்றைக்கும் சாதாரண விலைக்குக் கிடைக்கும். 15.6 லட்சம் டாலர் கொடுத்தது கேமுக்கு இல்லை. கசங்காத அட்டைப் பெட்டிக்கும், அதைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்கும், அதன்மேல் ஒரு தரமதிப்பீட்டு நிறுவனம் ஒட்டிய 9.8 என்ற மதிப்பெண்ணுக்கும்தான்.

உண்மையிலேயே அரிதானவை வேறு ரகம். 1990-இல் நிண்டெண்டோ அமெரிக்க நகரங்களைச் சுற்றி ஒரு போட்டி நடத்தியது. அதற்கென்றே தயாரித்த கேசட்டில் மூன்று கேம்கள்: மரியோவில் 50 காசு பொறுக்கணும், பிறகு 'ராட் ரேஸர்', பிறகு 'டெட்ரிஸ்'. மொத்தம் 6 நிமிடம் 21 விநாடி. இறுதிச்சுற்றுக்கு வந்தவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் 90 கேசட், நிண்டெண்டோவின் பத்திரிகைப் போட்டி வழியாகத் தங்க நிறத்தில் 26. அவ்வளவுதான். இது கடைக்கு வந்ததே கிடையாது.

'ஸ்டேடியம் ஈவெண்ட்ஸ்' கதை இன்னும் வேடிக்கை. பண்டாய் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ஓட்டப்பந்தய கேம். தரையில் பாய் மாதிரி ஒன்றை விரித்து அதன்மேல் நிஜமாகவே ஓடி விளையாட வேண்டும். அந்தப் பாயின் உரிமையை நிண்டெண்டோ வாங்கி, பெயரை மாற்றி, கடைகளில் இருந்த பழைய பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் சுமார் 200 பிரதிகளே விற்றிருக்கும் என்பது சேகரிப்பாளர்கள் போடும் கணக்கு. ஏலத்தில் பல்லாயிரம் டாலர். அதே கேம் 'வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்' என்ற புதுப் பெயரில் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் ஆட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளியே ஒட்டிய லேபிள் வேறு.

குப்பையில் கிடைத்ததும், பெட்டியில் கிடைத்ததும்

கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் மகுடம் ஆப்பிள்-1-க்குத்தான். 1976-இல் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்தது. விலை 666.66 டாலர். அந்தக் காசுக்குக் கிடைத்தது ஒரு சர்க்யூட் போர்டு மட்டுமே. கீபோர்டு, திரை, பெட்டி எல்லாம் நாமே தேடிக்கொள்ளணும். தயாரானது சுமார் 200. அடுத்த வருஷமே ஆப்பிள்-2 வந்தது. பழைய போர்டைக் கொடுத்துப் புதிய மெஷின் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆப்பிளே சொன்னது. அப்படித் திரும்பி வந்தவற்றை அழித்தும் விட்டது. ஆக, இதை அரிதாக்கியதில் ஆப்பிளுக்கும் பங்கு உண்டு. 2014-இல் ஒரு ஆப்பிள்-1 போன்ஹாம்ஸ் ஏலத்தில் 9.05 லட்சம் டாலருக்குப் போனது. அது இயங்கும் நிலையில் இருந்த மெஷின். வாங்கியது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம். இந்தக் கட்டுரையில் வரும் பெரிய விலைகளில் மனசு ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான்.

அடுத்தது 'நிண்டெண்டோ பிளேஸ்டேஷன்'. பெயரே குழப்பமாக இருக்கா? 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் நிண்டெண்டோவும் சோனியும் சேர்ந்து ஒரு சிடி கன்ஸோல் செய்ய முயன்றன. 1991-இல் சோனி அதை அறிவித்த மறுநாளே நிண்டெண்டோ, பிலிப்ஸுடன் கைகோத்துவிட்டதாகச் சொன்னது. மேடையிலேயே கழற்றிவிட்ட கதை. அந்தக் கோபத்தில் சோனி தனியாகச் செய்ததுதான் 1994-இல் வந்த பிளேஸ்டேஷன். முறிந்துபோன கூட்டணியின் சோதனை மாதிரி ஒன்று மட்டும் எப்படியோ தப்பியது. சோனியின் கேம் பிரிவில் இருந்த ஓர் உயரதிகாரி பிறகு வேலை பார்த்த நிதி நிறுவனம் திவாலாகி, அதன் சாமான்கள் 2009-இல் ஏலம் போயின. அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இது இருந்தது. 75 டாலருக்கு எடுத்தவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போது தெரியாது. 2020 மார்ச்சில் அது 3.6 லட்சம் டாலருக்கு விற்றது.

எங்களுக்கு விலையைவிடப் பிடித்தது இடையில் நடந்த ஒரு விஷயம். கிடைத்தபோது அதன் சிடி டிரைவ் வேலை செய்யவில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் ஹெக்கண்டார்ன் (இணையத்தில் 'பென் ஹெக்') அதைத் திறந்து, ஒவ்வொரு பாகமாகச் சோதித்து, 2017-இல் சிடி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். வீடியோ எடுத்து எல்லோருக்கும் காட்டினார். சீல் உடைக்காமல் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் இந்த அறிவு யாருக்கும் கிடைத்திருக்காது.

நேர் எதிர்த் துருவம், அட்டாரியின் 'ஈ.டி.' 1982-இல் ஐந்தே வாரத்தில் அவசர அவசரமாகச் செய்த கேம். மோசமான தோல்வி. விற்காத சரக்கை நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைக்கிடங்கில் 1983-இல் புதைத்தார்கள். 2014-இல் தோண்டினார்கள். வெளியே வந்த சுமார் 1,300 கேசட்டுகளில் நூற்றுக்கணக்கானவற்றை ஊர் நிர்வாகமே ஆன்லைனில் விற்றது. ஒரு லட்சம் டாலருக்கு மேல் வரவு. ஒன்று ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நசுங்கி, மண் ஒட்டி, நாற்றம் பிடித்த கேசட். இதற்கு எந்த நிறுவனம் எத்தனை மார்க் போடும்?

உள்ளே என்ன நடக்கிறது?

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கணும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி கிடையாது. துடைத்து வைத்தால் நூறு வருஷம் இருக்காது.

கேசட் பேட்டரி பற்றிப் பார்த்தோம். கேம் பாய் காலத்து போகிமான் கேசட்டுகளுக்கும் இதே கதிதான். அதிலும் 'கோல்டு', 'சில்வர்' பதிப்புகளில் பேட்டரி ஒரு கடிகாரத்தையும் சேர்த்து ஓட்டுவதால் சீக்கிரமே தீர்ந்துவிடும். பேட்டரி செத்தால் கேம் ஓடும்; சேமித்து வைத்த ஆட்டம் போய்விடும். பள்ளிக்கூட லீவு முழுக்க வளர்த்த போகிமான் எல்லாம் அதோடு போச்சு.

பழைய கம்ப்யூட்டர்களில் நிலைமை இன்னும் மோசம். அமிகா 2000, 386, 486 மதர்போர்டுகளில் நேரத்தைக் காப்பதற்காக நிக்கல்-காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்தே வைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது கசியும். கசிந்த காரம் போர்டில் பரவி, செம்புக் கம்பித்தடங்களைப் பச்சைக் களிம்பாக்கிவிடும். மெஷினை யாரும் தொடக்கூட வேண்டாம். அலமாரியில் இருந்தபடியே சாகும். முதல் எக்ஸ்பாக்ஸில் பேட்டரிக்குப் பதில் ஒரு கெப்பாசிட்டர். அதுவும் அதே வேலையைத்தான் பார்க்கிறது.

அதிகம் விற்ற கம்ப்யூட்டர்களில் ஒன்றான கொமடோர் 64-க்கு எதிரி வெளியே இருக்கிறது. அதன் பழைய அடாப்டர் கெட்டுப்போகும்போது அணைந்துவிடாது, வோல்டேஜை ஏற்றிவிடும். ஆசையாக ஆன் செய்வீர்கள், மெமரி சிப் கருகிவிடும். பழைய மெஷினுக்குப் பழைய அடாப்டரையே போட்டுத்தான் ஓட்டுவேன் என்று பெருமைப்படும் சேகரிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு மங்கும். பிளாஸ்டிக் மஞ்சளாகும். மஞ்சள் அழகுப் பிரச்னைதான், ஆபத்து இல்லை. அதற்காக ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊறப்போட்டு வெள்ளையாக்கும் வீடியோக்கள்தான் அதிகம் பார்க்கப்படுகின்றன என்பது தனி சோகம்.

சூதாட்டமும் சட்டமும்

2 மில்லியன் டாலர் மரியோவை விற்றது ராலி என்ற நிறுவனம். அது அபூர்வப் பொருட்களை வாங்கிப் பங்கு பங்காகப் பிரித்து விற்கும் தளம். 2020-இல் 1.4 லட்சம் டாலருக்கு வாங்கிய பிரதி, ஒரே வருஷத்தில் 20 லட்சம். எந்தப் பொருள் இப்படி ஏறினாலும் சந்தேகப்படணும். சந்தேகப்பட்டார்கள். கேசட்டுகளுக்கு மார்க் போடும் வாட்டா நிறுவனத்தின் மீது 2022-இல் அமெரிக்காவில் வழக்குப் பதிவானது. செயற்கையாகச் சந்தையை ஏற்றியதாகக் குற்றச்சாட்டு. அந்த வழக்கை விடுங்கள். சீல் பிரித்துவிட்டால் விலை போய்விடும் என்ற விதியே போதும்: விளையாடவே கூடாத கேமுக்குத்தான் அதிக விலை. இதை முதலீடாக நினைத்துச் சம்பளப் பணத்தைப் போட யோசிப்பவர்களுக்கு எங்கள் கருத்து ஒன்றே ஒன்று. வேண்டாம்.

சரி, கேசட் செத்தால் என்ன, கேமை நகலெடுத்து வைக்கலாமே? இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதத்தை இன்று சட்டப்படி கடையில் வாங்க வழியில்லை. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் அவற்றை வைத்திருக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளர் நேரில் போய்த்தான் பார்க்கணும். தூரத்தில் இருந்து இணையம் வழியாகப் பார்க்க அனுமதி கேட்டார்கள். கேம் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது, ஜாலிக்காக விளையாடிவிடுவார்கள் என்பது முக்கியமான வாதம். 2024 அக்டோபரில் அனுமதி மறுக்கப்பட்டது. பழைய புத்தகத்தைச் சந்தோஷத்துக்காகப் படித்துவிடுவார்களே என்று எந்த நூலகத்தையாவது பூட்டியிருக்கிறோமா?

இந்தியச் சட்டத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, பாதி திறந்த மாதிரி. 2012 திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, லாப நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்கிறது. நிபந்தனை: நூலகத்திடம் அதன் டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்கணும். புத்தகத்துக்குச் சரி. ஃப்ளாப்பியில் வந்த மென்பொருளுக்கு? அது பிறந்ததே டிஜிட்டலாகத்தானே. இந்த ஒரு வரியைத் திருத்துவது பெரிய வேலை இல்லை, திருத்த வேண்டும்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் பள்ளிகளுக்குப் போனது பிரிட்டனின் பிபிசி மைக்ரோ. அந்தக் கம்ப்யூட்டரே 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரில் இந்தியாவிலும் வந்தது. அந்தத் தலைமுறை மாணவர்கள் முதன்முதலில் தட்டிய கீபோர்டு அது. பிறகு 90ஸ் கிட்ஸ் வீடுகளில் நிண்டெண்டோ நகல் டிவி கேம்கள், '9999 இன் 1' என்று எழுதி அதே நாலைந்து கேமைத் திரும்பத் திரும்பக் காட்டிய கேசட்டுகள். திறந்தால் சிப்புக்குப் பதில் கறுப்புப் பொட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். பெரிய ஏல நிறுவனங்களின் பட்டியலில் இவற்றைத் தேடாதீர்கள். ஆனால் இந்தியக் குழந்தைகள் எதை விளையாடினார்கள் என்பதற்குச் சாட்சி இவைதான், ஆறரைக் கோடி ஸெல்டா இல்லை. பரணில் இருந்து காயலான் கடைக்குப் போகும் பாதையில்தான் அவற்றில் பலவும் இப்போது இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது இருந்தால், கீழே இறக்குங்கள். பழைய பிசி என்றால் ப்ளக்கில் சொருகும் முன் திறந்து பேட்டரியைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் முதலில் அதை வெட்டி எடுக்கணும். கேசட் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சிஆர்2032, சிஆர்2025 அல்லது சிஆர்1616. சால்டர் செய்வதற்குக் கால் வைத்த ரகமாகப் பார்த்து வாங்கணும், டேப் ஒட்டிச் சமாளிக்கக் கூடாது. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் கேட்டுப் பாருங்கள். அவசரப்பட்டுப் பழைய பேட்டரியைப் பிடுங்கிவிட வேண்டாம், எடுத்த நொடியே சேமித்த ஆட்டம் அழிந்துவிடும். கேசட்டில் இருக்கும் சேமிப்பை யூஎஸ்பி வழியாக நகலெடுக்கும் சின்னக் கருவிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. முதலில் அது, அப்புறம் சால்டரிங் அயர்ன்.