வாடகைக் காரும் காப்பீட்டுத் தாளும்

தீபாவளி போனஸ் கைக்கு வந்து, பனியன் கம்பெனிகளும் சில நாள் கதவடைத்துவிட்டால், குன்னத்தூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர் வட்டாரத்துக் குடும்பங்கள் வெளியூர்ப் பயணம் புறப்படுவது வழக்கம். வேளாங்கண்ணிக்கோ உதகைக்கோ செல்வோர் முன்னாளில் பேருந்து ஏறினர். வசதியுள்ளோர் ஓட்டுநருடன் வேன் அமர்த்தினர். இப்பொழுதோ வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரிந்துவிட்டால் போதும், ஓட்டுநர் இல்லாத காரை நாள் வாடகைக்கு எடுத்துச் செல்கின்றனர். 'செல்ப் டிரைவ்' என்று அதற்குப் பெயர். எடுப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இன்ஷூரன்ஸ் இருக்குதுங்களா?" கொடுப்பவர் கூறும் மறுமொழியும் ஒன்றே: "புல் இன்ஷூரன்ஸ் இருக்குதுங்க, பயப்படாம போயிட்டு வாங்க."

அன்பு வாசகர்களே, இந்தப் 'புல்' என்னும் சொல்லுக்குச் சட்டத்தில் பொருளே கிடையாது. எது கட்டாயம், எது விருப்பம் என்ற இரண்டே பிரிவுகள்தாம் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146-ஆம் பிரிவின்படி, பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருந்தாக வேண்டும். வண்டிக்கு ஏற்படும் சேதம், உள்ளே அமர்ந்திருப்போருக்கான விபத்துக் காப்பு, இயந்திரப் பாதுகாப்பு முதலியவை பெரும்பாலும் உரிமையாளர் விரும்பிப் பணம் கட்டினால் மட்டுமே சேர்பவை. உரிமையாளர் கட்டாததை நாம் வாடகை கொடுத்ததனால் பெற்றுவிட முடியாது.

மூன்றாம் நபர் என்பவர் யார்? காப்பீட்டு ஒப்பந்தத்தில் முதலாமவர் வண்டியின் உரிமையாளர். இரண்டாமவர் காப்பீட்டு நிறுவனம். சாலையில் நடந்து செல்பவரும், எதிரே மிதிவண்டியில் வருபவரும், நம் கார் மோதிய பெட்டிக்கடைக்காரரும் மூன்றாமவர். காருக்குள் இருக்கும் நம் மனைவி மக்கள் மூன்றாமவரா? பெரும்பாலோர் ஆம் என்றே எண்ணியிருக்கின்றனர். இதற்கு விடை, அண்டையிலுள்ள ஈரோட்டு நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கிலேயே கிடைத்தது.

கார் விபத்தொன்றில் இறந்தவரின் குடும்பத்தாருக்கு 14 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு தருமாறு, ஈரோடு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. அக்காருக்கு எடுக்கப்பட்டிருந்தது சட்டம் கட்டாயப்படுத்தும் காப்பீடு மட்டுமே. காரில் இருந்தவருக்கு அது பொருந்தாது என்பது நிறுவனத்தின் வாதம். 2021 ஆகஸ்டில் நீதிபதி எஸ். வைத்தியநாதன் அவ்வாதத்தை ஏற்று, இழப்பீட்டு ஆணையை நீக்கினார். ஆயினும் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை போலும்! வண்டி வாங்குவோருக்கு விதிகளை எவரும் தெளிவாக எடுத்துரைப்பதில்லை என்பதைச் சுட்டி, 2021 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புது வண்டிகளுக்கு, ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் அனைவரையும் உட்படுத்தும் முழுக் காப்பீடு ஐந்தாண்டுகளுக்குக் கட்டாயம் என்று ஆணையிட்டார். நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துக்காட்டப்பட்டதால், அதே செப்டம்பர் 13-ஆம் நாள் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஆகவே நிலைமை பழையபடியே உள்ளது. பயணிகளைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உரிமையாளர் விருப்பம்.

சரி, ஓட்டிச் செல்லும் பிள்ளையின் நிலை என்ன? அது இன்னும் கடினமானது. பிறர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் அவ்வேளையில் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். தம் வண்டியின் காப்பீட்டிலிருந்து மூன்றாமவராக இழப்பீடு கோர இயலாது என்று, மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. ஒப்பந்தத்தில் கண்டிருந்த தனிநபர் விபத்துத் தொகையான 1 லட்சம் ரூபாய் மட்டுமே அக்குடும்பத்துக்குக் கிடைத்தது. 2018 முதல் அத்தொகை 15 லட்சமாக உயர்ந்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது உரிமம் பெற்றுத் தம் வண்டியைத் தாமே ஓட்டும் உரிமையாளரின் பெயரில் எழுதப்படுவது. கம்பெனிப் பெயரில் பதிவான காரை வாடகைக்கு ஓட்டும் நம் பிள்ளைக்கு அது தானாக வந்து சேராது.

நிற்க. காரை எடுக்குமுன் அதன் எண் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் ஓட்டுநருடன் ஓடும் வாடகை வண்டி. அதில் செல்லும் பயணிகளுக்குக் கட்டாயக் காப்பீட்டிலேயே இடம் உண்டு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டுவதற்கென உரிமம் பெற்ற வாடகை வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் தனியார் சொந்த வண்டி. நம் பகுதியில் தெரிந்தவர் மூலம் மலிவாகக் கிடைப்பவை இந்த மூன்றாம் வகையே. சொந்தக் காருக்குரிய காப்பீட்டுத் தாளில் 'வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தலாகாது' என்னும் விதி அச்சாகியிருக்கும். வாடகைக்கு ஓடியது தெரிந்தால், வண்டியின் சேதத்துக்கு நிறுவனம் பணம் தராது. மூன்றாமவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உரிமையாளரிடம் திரும்பக் கேட்கும் வழி அதற்கு உண்டு. உரிமையாளர் அப்பளுவை யார் தலையில் இறக்குவார் என்பதை நான் கூற வேண்டியதில்லை. அத்தகைய வேளையில் "நண்பரின் கார்தான், வாடகை கொடுக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள் எனச் சிலர் முன்கூட்டியே கற்றுக்கொடுக்கின்றனராம். பொய் சாட்சியத்தை வாடகையோடு சேர்த்து விற்கும் வணிகம் இது!

முறையான நிறுவனங்களிடம் எடுப்போருக்கு வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 'சேதப் பொறுப்பு இல்லை' என்பார்கள். பலரும் இதைக் காப்பீடு என்றே கருதுகின்றனர். உண்மையில் இது, சேதத்தின் செலவில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம் என்று வாடகை நிறுவனம் தரும் வாக்குறுதி. அந்தத் தொகை எவ்வளவு என்பதும், எவ்வெவற்றுக்கு வாக்குறுதி செல்லாது என்பதும் கீழே சிறு எழுத்தில் இருக்கும். டயர், கண்ணாடி, சாவி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை அடிக்கடி விலக்கப்படுகின்றன. பெயர் கொடுக்காத வேறொருவர் ஓட்டினாலும், மது அருந்தி ஓட்டினாலும், உடனே தகவல் தராவிட்டாலும் வாக்குறுதி முறியும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இக்கூடுதல் தொகையைக் கட்டிவிட்டே மலைக்குச் சென்றது. வழியில் ஒரு கல் அடிப்பாகத்தில் இடித்து, எண்ணெய் ஒழுகியது. சிவப்பு விளக்கு எரிந்ததைக் கண்டும், அடுத்த ஊர் வரை போய்விடலாமென்று ஓட்டினர். இயந்திரம் இறுகிப்போயிற்று. அடிப்பாகம் விலக்கு என்று நிறுவனம் ஒரு வரியைக் காட்டியது. காப்பீட்டு நிறுவனமோ, கல் இடித்தது விபத்து, அதன்பின் ஓட்டியதால் இயந்திரம் கெட்டது பின்விளைவு, பின்விளைவுக்குப் பணம் இல்லை என்றது. இயந்திரப் பாதுகாப்பு என்னும் தனிக் காப்பு அவ்வண்டிக்கு எடுக்கப்படவில்லை. பவர் டேபிளில் தைக்கும் கணவனும் மனைவியும் நான்கு மாதச் சம்பளத்தை அதற்குக் கொடுத்தனர்.

தேய்மானக் கழிவு பற்றியும் ஒரு சொல். சாதாரணக் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். முன் பம்பர் நொறுங்கினால் மீதிப் பாதியை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். தேய்மானம் கழிக்காத காப்பு இருக்கிறதா என்று கேட்பது இதற்காகவே.

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள பெற்றோர், அங்கு சொந்தக் காரின் காப்பீடே வாடகைக் காருக்கும் பல வேளைகளில் உதவுகிறது, சில கடன் அட்டைகளும் அவ்வாறே சேதத்தை ஏற்கின்றன என்று கூறக் கேட்டிருப்பீர்கள். நம் நாட்டில் காப்பீடு வண்டியைச் சார்ந்தது. உங்கள் வீட்டுக் காருக்கு நீங்கள் எவ்வளவு உயர்ந்த காப்பீடு எடுத்திருந்தாலும், வாடகைக் காருக்குள் அது உங்களோடு ஏறி வராது.

ஆகையால் முன்பணம் கொடுக்குமுன் காப்பீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள். கைப்பேசியில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால், பதிவு எவ்வகை, காப்பீடு எந்நாள் வரை என்பது தெரியும். தாளில் 'சொந்தச் சேதம்' என்ற பகுதிக்குப் பணம் கட்டப்பட்டிருக்கிறதா, 'பெயர் குறிப்பிடாத பயணிகள்' என்ற வரிக்கு எதிரே தொகை இருக்கிறதா என்று பாருங்கள். காரின் நாற்புறமும், கூடுமானால் அடிப்புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சாராமல் ஆளைத் தொடரும் காப்பும் உண்டு. வங்கிகளில் உள்ள பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், 18 முதல் 70 வயது வரையுள்ளவருக்கு விபத்து மரணத்தில் 2 லட்சம் ரூபாய் குடும்பத்துக்குச் சேரும். எவர் காரில் சென்றாலும் அது பொருந்தும். ஆண்டுதோறும் ஜூன் 1-ஐ ஒட்டிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் பிடிக்கப்படும். இருப்பு இல்லையேல் காப்பு அறுந்துவிடும். சம்பளம் ஏறும் நாளிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடும் கணக்குகளில் இப்படி அறுந்தவை ஏராளம். பாஸ் புத்தகத்தைப் பதிவு செய்து, அந்த 20 ரூபாய் இவ்வாண்டு கழிந்திருக்கிறதா என்று வீட்டில் ஒவ்வொருவர் கணக்கையும் பார்த்துவிடுங்கள்.