தெற்கே போகும் வண்டி

வடக்கு, தெற்கு என்று ஒரு நாட்டில் இரண்டு திசைகள் இருப்பது இயற்கை. வடக்கு உயர்ந்தது, தெற்கு தாழ்ந்தது என்பது மனிதர் செய்த ஏற்பாடு. இது நம் நாட்டுக்கு மட்டுமே வாய்த்த பிணி என்று எண்ணியிருக்கும் தோழர்களுக்கு இத்தாலி நாட்டு இரயில் பயணம் ஒன்றைச் சிபாரிசு செய்கிறேன். வடகிழக்கு மூலையிலுள்ள திரியெஸ்தேயில் காலையில் ஏறுங்கள். தெற்கே நேப்பிள்ஸ் நகரில் பிற்பகலில் இறங்குங்கள். ஒரே பகலில் பாடம் முடிந்துவிடும்.

சென்ற கோடையில் அந்தப் பகல் எனக்கு வாய்த்தது. வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்காக அப்துஸ் சலாம் 1964-இல் தோற்றுவித்த கோட்பாட்டு இயற்பியல் மையம் திரியெஸ்தேயில்தான் இருக்கிறது. அங்கே கோடை வகுப்பு முடிந்ததும், கையில் எஞ்சிய நாட்களை நேப்பிள்ஸுக்கு ஒதுக்கினேன். மெஸ்த்ரேயில் வண்டி மாறினால் பொலோன்யா, பிளாரன்ஸ், ரோம் என்று வழி தெற்கே இறங்குகிறது. பொலோன்யாவுக்கும் பிளாரன்ஸுக்கும் நடுவே அப்பெனைன் மலை குறுக்கே நிற்கிறது. விரைவு வண்டி அதை ஏறிக் கடப்பதில்லை. குடைந்த சுரங்கங்களின் வழியே கடக்கிறது. ரோமை விட்டால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். ஒரு மணி பத்து நிமிஷத்தில் நேப்பிள்ஸ்!

வண்டி தெற்கே இறங்க இறங்க, எச்சரிக்கைகள் ஏறிக்கொண்டே போயின. "பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்" என்றார் உடன் வந்த பயணி ஒருவர். "இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடு" என்றார் இன்னொருவர். "அது இத்தாலியே அல்ல" என்று தீர்ப்பே கூறிவிட்டார் மூன்றாமவர். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். மூவரில் ஒருவர்கூட அந்த நகரில் ஒரு வாரம் தங்கியவர் அல்லர்.

நேப்பிள்ஸ் எப்படி இருந்தது? நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் கரிபால்டி சதுக்கம். மனிதர் வெள்ளம், இரைச்சல், எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாத ஸ்கூட்டர்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு இதில் அஞ்ச என்ன இருக்கிறது? ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இரைச்சலைப் பற்றி அன்று.

இத்தாலியத் தீபகற்பத்தின் முதல் இரயில் பாதை எங்கே போடப்பட்டது தெரியுமா? "பின்தங்கிய" தெற்கில்தான்! 1839 அக்டோபர் 3-ஆம் நாள் நேப்பிள்ஸிலிருந்து போர்த்திசிக்கு வண்டி ஓடியது. செல்வம் கொழிக்கும் மிலான் நகரிலிருந்து மோன்சாவுக்கு வண்டி ஓடியது அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டாம் பிரடெரிக் மன்னன் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவியது 1224-இல். உலகிலேயே பழமையான எரிமலை ஆய்வு நிலையம் 1841-இல் நிறுவப்பட்டது இந்த நகரை அடுத்த வெசூவியஸ் மலைச் சரிவில்தான். எனக்கு எச்சரிக்கை சொன்னவர்கள் இவற்றில் ஒன்றையாவது சொன்னார்களா? இல்லை. பணப்பையைப் பற்றி மட்டுமே சொன்னார்கள்.

குறையே இல்லாத ஊர் என்று வாதாட நான் வரவில்லை. கமோரா என்னும் குற்றக் கும்பல் அந்த நகரைப் பல தலைமுறைகளாக அரித்து வருவது உண்மை. 2008-ஆம் ஆண்டு தெருவெல்லாம் குப்பை மலைகளாகக் குவிந்து நாறியதும் உண்மை. குறையை மறைப்பது ஊருக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஆனால் ஓர் ஊரின் குறையை அந்த ஊராரின் பிறவிக் குணமாக்கிவிடுவது எந்த நியாயம்?

இந்த அநியாயத்துக்கு வரலாறு உண்டு. 1950-களிலும் 1960-களிலும் இத்தாலியின் தெற்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் வடக்கே வண்டி ஏறினார்கள். டூரின் நகரின் மோட்டார் தொழிற்சாலைகளிலும், மிலானின் கட்டட வேலைகளிலும் உழைத்தார்கள். இத்தாலியின் "பொருளாதார அற்புதம்" என்று உலகம் வியந்ததே, அதற்குத் தோள் கொடுத்தவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். கைம்மாறாகக் கிடைத்தது என்ன? "தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்கு இல்லை" என்ற அறிவிப்பு! "தெர்ரோனி" என்ற வசைச்சொல்! மண் என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த ஏச்சு அது. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்பதே அதன் சாரம்.

நண்பர்களே, இது நமக்குப் புதிய கதையா? விந்தியத்துக்குத் தெற்கே பல மாநிலத்தார் இருந்தாலும் அனைவருக்கும் சேர்த்து "மதராசி" என்று ஒரே பெயர் சூட்டப்படுவதை இங்கே கேட்டவர்கள்தாமே நாம்? அந்தச் சொல் காதில் விழும்போது நமக்கு எரிகிறது. எரிவது நியாயமே.

ஆனால் அந்த நியாயத்தை முழுவதும் பேச வேண்டும். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தெற்கே போகும் வண்டிகளில் நிற்க இடமில்லை. திருப்பூரின் பனியன் ஆலைகளிலும், சென்னையின் கட்டட வேலைகளிலும் அவர்கள் உழைக்கிறார்கள். அவர்களை நம்மவர் சிலர் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள்? "வடக்கன்"! திசைதான் மாறியிருக்கிறதே தவிர, ஏச்சு மாறவில்லை. டூரின் நகரத்து வீட்டுக்காரன் பேசிய அதே மொழி, நம் இனிய தமிழின் வழியாகப் பேசப்படுகிறது. "மதராசி" என்ற சொல்லைக் கண்டிக்கும் உரிமை, "வடக்கன்" என்ற சொல்லையும் கண்டிப்பவனுக்கே உண்டு.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பழமொழி. மனித இனத்தைப் பற்றி விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்கும் இதைவிட நல்ல விதி கிடையாது. ஒரு பகல் பயணத்தில் நான் நேப்பிள்ஸை அறிந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யே. ஆனால் ஒன்று அறிந்தேன்: ஓர் ஊரின் பெயர் அதன் எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயில் அகப்பட்டுக்கொண்டால், அந்த ஊர் தன்னைப் பற்றிப் பேச வாய்ப்பே பெறுவதில்லை.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் தோழர்களே! நீங்கள் ஏறும் வண்டியும் தெற்கே போகும் வண்டிதான். முன்பதிவு இல்லாத பெட்டியின் வாசலில் ஒரு பீகார் இளைஞன் நின்றுகொண்டிருப்பான். அவனுக்குச் சற்று இடம் கொடுங்கள். ஊர் எது, வேலை எது என்று கேளுங்கள். வடக்கே வாழ்ந்து நாம் கற்ற இந்தி, வேறு எதற்குப் பயன்படாவிட்டாலும் இதற்குப் பயன்படட்டும்!