முதுமையை விலையாகக் கேட்ட மேடை

தொழிலிற் சிறந்து உயரும் பெண்ணின் இல்வாழ்வு சிதைந்தே தீரும் என்பதனை நாடகாசிரியர் பலர் இயற்கை விதிபோற் காட்டி வருகின்றனர். அவ்விதியை இயற்றியவர் யாவர் என வினவுவோர் சிலரே.

நம்மிடையே இவ்விலைப்பட்டியல் மிகப் பழையது. மணவினைக்கு அஞ்சிய இளம் ஔவை பிள்ளையாரை வேண்டி மூதாட்டியானாள் என்பது கதை. 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட ‘ஔவையார்’ திரைப்படம் அதனைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது. புலமை வேண்டுமாயின் இளமையைக் கொடு என்பதே அதன் உட்பொருள். கபிலரிடமோ பரணரிடமோ இவ்விலையை எவரும் கேட்டிலர்! சங்க ஔவையோ அதியமானோடு கள்ளுண்டு களித்தவள். அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவள். புறநானூறே இதற்குச் சான்று. இன்குலாப் தமது ‘ஔவை’ நாடகத்தில் மீட்டெடுத்தது இவளைத்தான், அ. மங்கை அதனை நெறிப்படுத்தி மேடையேற்றினார்.

திரையில் ஔவையாகத் தோன்றிய கே. பி. சுந்தராம்பாளின் வாழ்வையும் ஈண்டு நோக்குதல் தகும். 1933இல் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 25. அதன்பின் அவர் உடுத்தது வெண்ணிற ஆடையே. 1935இல் திரைக்கு வந்தபோது ஏற்றது நந்தனார் என்னும் ஆண் பாத்திரம். பின்னர் மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள். ஆணாகவோ, துறவியாகவோ, கிழவியாகவோ நின்றாலன்றி அவ்வொப்பற்ற குரலை நம் இரசிகப் பெருமக்கள் ஏற்கத் துணியவில்லை போலும்.

மேனாட்டு நாடகமும் இதனையே கூறுகிறது என்பர் சிலர். கரில் சேர்ச்சிலின் ‘டொப் கேர்ள்ஸ்’ 1982இல் இலண்டன் றோயல் கோட் அரங்கில் மேடையேறியது. அதன் நாயகி மார்லீன் வேலைவாய்ப்பு முகவர் நிலையமொன்றில் உயர்பதவி பெறுகிறாள். அவள் பெற்ற மகளோ அவளைச் சித்தி என்றே அறிவாள். ஆயினும் சேர்ச்சில் இத்துடன் நின்றாரல்லர். அம்மகளை வளர்த்தவள், பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைக்கும் தமக்கை ஜோய்ஸ். வெற்றியின் விலையைச் செலுத்தியவள் எவள் என்பதை இறுதிக் காட்சி அம்பலப்படுத்துகிறது. நம்மவர் வசதியாக மறப்பது இந்த ஜோய்ஸைத்தான்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது முதல் இக்கண்டிச் சீமையின் செல்வம் பெண்களின் விரல்களில் தங்கியிருக்கிறது. கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறும் கொழுந்து பறிப்பவளின் தாய்மை சிதைகிறதென்று உருகி நாடகம் எழுதியவர் எத்தனை பேர்? உத்தியோகத்தில் உயரும் பெண்ணாலேயே குடும்பம் குலையுமாம். கூலிக்கு உழைப்பவளால் குலையாதாம்!