பொன் நகையில் யார் பெயர்?

நகை என்றதும் நம்மில் பலர் முதலில் கேட்பது, "எத்தனை பவுன்?" என்பதே. செய்தவர் யார் என்று கேட்பாரில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே மேல்நாட்டு ஓவியர் சிலர் இந்தக் கணக்கை மாற்றினர். அவர்கள் வரைந்து கொடுத்த பொன் நகைகளுக்கு எடையைவிடப் பெயரே பெரிய விலையாயிற்று. பவுனைக் கலை வென்றதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆயினும் அது யாருடைய பெயர் என்பதே நம் கேள்வி.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிக்காஸோ, 1956ஆம் ஆண்டில் தம் சித்திரங்களை வெள்ளித் தட்டுகளாகச் செய்து தருமாறு பிரான்சுவா ஹ்யூகோ என்ற பிரெஞ்சுப் பொற்கொல்லரை நாடினார். (இவர் பெருங்கவிஞர் விக்டர் ஹ்யூகோவின் கொள்ளுப்பேரன் என்பது பலர் அறியாத செய்தி.) பின்னர் பொன் பதக்கங்களும் அப்பட்டறையில் உருவாயின. ஒவ்வொரு வகையிலும் இருபது போல்தான் செய்து, எண்ணும் பொறித்தார்கள். ஓவியர் காகிதத்தில் ஒரு முகத்தை நாலு கோட்டில் காட்டிவிடலாம். அதே முகத்தைப் பொன் தகட்டிலே கிழியாமல் தட்டித் தட்டி எழுப்புவது வேறு வித்தை. அடிபட அடிபடத் தகடு இறுகும். நெருப்பில் காட்டி இளக்கி மீண்டும் தட்டவேண்டும். ஹ்யூகோவின் முத்திரையும் அந்நகைகளில் உண்டு. ஆனால் ஊரார் சொல்வதோ "பிக்காஸோ பதக்கம்" என்றுதான்!

சால்வடார் டாலியின் 'அரச இதயம்' 1953இல் செய்யப்பட்டது. பொன் இதயத்தின் நடுவே மாணிக்கங்கள் மெய்யான இதயம்போலவே துடிக்கும். வரைந்தவர் டாலி, துடிக்க வைத்தது நியூயார்க்கில் இருந்த கார்லோஸ் அலெமானியின் பட்டறை. இன்று அது ஸ்பெயினில் ஃபிகேரஸ் நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அணிவாரில்லாத அணி!

கற்பனைதானே உயிர், கைவேலை கூலிக்குக் கிடைக்குமே என்பர் சிலர். நாம் ஒப்பமாட்டோம். வானொலியில் பாட்டை இயற்றியவர் பெயரோடு பாடியவர் பெயரையும் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நகைக்கு மட்டும் ஏன் ஒரு பெயர்? பதக்கத்தின் பின்புறத்தில் இருக்கும் அந்த இரண்டாம் பெயர், காட்சிப் பேழையின் முன்புற அட்டையிலும் முதற் பெயரின் அளவிலேயே இருக்கவேண்டும் என்போம்.

இவர்களுள் நமக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். சுமார் 1,800 நகைகளைத் தம் கையாலேயே செய்தவர். பெரும்பாலானவை பித்தளையும் வெள்ளியும், பொன் கொஞ்சமே. கம்பியைத் தட்டி, வளைத்து, சுருட்டி நண்பர்களுக்குப் பரிசளிப்பார். 1931இல் மணந்த லூயிசாவுக்குச் சுருள் வைத்த பொன் மோதிரம் ஒன்றும் செய்தார். பாரிஸில் பொன்வேலைக்குத் துணைநின்ற புச்சி என்னும் நண்பரின் பெயரைத் தம் சுயசரிதையில் மறவாமல் குறிப்பிடுகிறார். அந்த மோதிரமே திருமணத்துக்கும் போதும் என்று எண்ணினாராம். மணமகளோ, "இது நிச்சயதார்த்த மோதிரம்" என்று சொல்லிவிட்டார். பிறகு பக்கத்து ஊருக்குப் போய் இரண்டு டாலருக்கு ஒரு கடை மோதிரம் வாங்கி வந்தார்கள்.