குடிப்பவனை மட்டும் மேடையேற்றும் நாடகங்கள்

தமிழ் மேடையில் குடிகாரன் தள்ளாடி வருவான். மனைவி அழுவாள். கடைசிக் காட்சியில் அவன் திருந்துவான், இல்லையென்றால் சாவான். பள்ளி ஆண்டு விழாவிலிருந்து விழிப்புணர்வு வீதி நாடகம் வரை இதே கதைதான். அவன் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கிறான், எத்தனை மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறான், கடையை அவன் தெருவுக்குக் கொண்டுவந்தது யார் என்று மேடை கேட்பதில்லை.

நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ கூட இதற்கு விலக்கல்ல. திருவாரூர் கே.தங்கராசு எழுதி, 1954இல் திரைப்படமாகவும் வந்த அந்த நாடகம் மூடநம்பிக்கையைக் கிழித்தது. கைவிடப்பட்ட மனைவிக்கு மறுமணம் பேசியது. ஆனால் மோகனின் தொழுநோயை, அவன் காந்தாவிடம் போனதற்கான தண்டனையாகவே காட்டியது. அந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1873இலேயே ஹான்சன் கண்டறிந்துவிட்டார். கர்மவினையை எள்ளிய மேடை, நோயை மட்டும் வினைப்பயனாக விட்டுவைத்தது. பழி ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது.

இப்சன் 1881இல் எழுதிய ‘பேய்கள்’ வேறு இடத்தைக் காட்டுகிறது. மகனின் நோய்க்கு வேர், ‘கௌரவமான’ தகப்பனின் வீட்டிலும் அதை மூடிமறைத்த ஊர் மரியாதையிலும் இருக்கிறது. யூஜின் ஓநீலின் நாடகத்தில் தாய் மேரி மார்ஃபினுக்கு அடிமை. பிள்ளைப்பேற்று வலிக்கு மலிவான மருத்துவர் கொடுத்துப் பழக்கிய மருந்து அது. விடுதி விடுதியாக அலைந்தவளுக்கு வீடென்று ஒன்று இருந்ததே இல்லை.

மேரியைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம், தோழர்களே. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்கூட அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை அம்பலப்படுத்தியது. ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரை கொடுத்தால் குறையாது. இதுதான் கணக்கு. சுமங்கலித் திட்டத்தின் பெயரில் மில் விடுதிகளில் அடைக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித் வீட்டுப் பெண்கள் என்பதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

குடிக்கும் ஒரு முகவரி உண்டு. 2003இல் சில்லறை மது விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாகக் கையில் எடுத்தது. நெடுஞ்சாலையோரம் கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பல கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அதை எதிர்த்து நின்ற பெண்களில் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. ஒரு வீட்டுக்காரன் குடிப்பதற்கும் ஒரு பெண் அடி வாங்குவதற்கும் நடுவில் அரசு நின்ற காட்சி அது. அதை எந்த விழிப்புணர்வு நாடகம் நடித்துக் காட்டியது?

ஒன்றரை ஷிப்ட் முடித்து லைன் வீட்டின் ஒற்றை அறைக்குத் திரும்புகிறவனைப் பார்த்து, ‘அந்தச் சாதிக்காரனுங்களே இப்படித்தான்’ என்கிறது ஊர். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சாதி விசாரிக்கும் அதே ஊர். மனைவியை அடிப்பவனுக்கு இது வக்காலத்து அல்ல, அவன் குற்றவாளிதான். ஆனால் அவனை மட்டும் கூண்டில் ஏற்றும் நாடகம், முதலாளியையும் அரசையும் சாதியையும் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துக் கைதட்ட விடுகிறது.

நாடகம் போடும் இளைஞர்களே, அந்த லைன் வீட்டை மேடையில் எழுப்புங்கள். சம்பளக் கவரையும் மாத்திரை அட்டையையும் மேசை மேல் வையுங்கள். திருந்த வேண்டியவர் யார் யார் என்று பார்க்கிறவர்களே எண்ணிக்கொள்ளட்டும்.